ஒரு சபைக்கு இரண்டு விண்ணப்பம்

சனிக்கிழமை காலை, பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே இருந்தவர்கள் நான்கு பேர். மூக்குக்கண்ணாடிக் கடையின் சொந்தக்காரியும் தெருச் சபையின் தலைவியுமான கண்ணாடியக்கா, பார்வை சோதிக்கிற உயரமான நாற்காலியில். அவள் கணவர், குழாய் வேலைக்காரர், சுவரோரம் தன் கருவிப் பெட்டியின் மேல். அவள் தம்பி, லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன், கல்லாவுக்குப் பின்னால், அதாவது அக்கா தினமும் உட்காரும் இடத்தில். தம்பியின் மனைவி நர்ஸ். மதியம் டியூட்டிக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் கதவை ஒட்டிய ஸ்டூலில்.

ஷோகேஸின் மேல், துடைத்து வைத்த பிரேம்களுக்கு நடுவே, அறக்கட்டளையிலிருந்து வந்த கடிதம் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தது.

அது வந்து சில நாள் ஆகிவிட்டது. நான்கு பேரும் கூடியிருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஒருத்திக்கு இரவு டியூட்டி, ஒருவனுக்கு மாதக் கடைசிக் கணக்கு. இன்றைக்குத்தான் எல்லோரும் வாய்த்தார்கள். தெருவின் குறைகளைத் தெருக்காரர்களே பேசி, தெருக்காரர்களே வார்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போக வைக்கிற சபை அது. இத்தனை வருஷமும் கைக்காசில் ஓடியது. இப்போது ஓர் அறக்கட்டளை, மக்கள் பங்கேற்பை வளர்க்கும் அமைப்புகளுக்கு நிதி கொடுக்கிறது. கிடைத்தால், முழுநேரமாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கணவர்தான் வாசித்தார். எதையும் மனசுக்குள் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மாத்திரைச் சீட்டைக்கூட உரக்கத்தான் படிப்பார்.

கடிதம் ஒரே பக்கம். உங்கள் சபையின் பெயரில் எங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்துள்ளன. முதலாவதில், குடியிருப்போர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் குழு சபையை நடத்துவதாக உள்ளது. இரண்டாவதில், சபையின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே வீட்டில் வசிப்பதாக உள்ளது. இவற்றில் எது உங்களுடையது? மற்றதைத் திரும்பப் பெறுவதாகத் தலைவரும் பொருளாளரும் கையெழுத்திட்ட கடிதம் திங்கட்கிழமைக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் இரண்டும் தள்ளுபடி.

வாசித்து முடித்தவர் தலையை நிமிர்த்தி, "செயலாளர் யாரு?" என்று கேட்டார்.

"நீங்கதான்," என்றாள் அக்கா.

"நானா? எப்பலேருந்து?"

"சபையைப் பதிவு பண்ணினப்போ கையெழுத்து போட்டீங்களே."

"அது ஏதோ தண்ணி கனெக்‌ஷன் பேப்பர்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு, தன் பதவியை இன்னொரு தரம் கடிதத்தில் பார்த்துக்கொண்டார்.

தம்பி சிரிக்கவில்லை. இது யாரோ செய்த சதி என்றான். சபையின் பேரில் பொய் விண்ணப்பம் போட்டு, ஒரே வீட்டுக்காரர்கள் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வார்டு மேற்பார்வையாளருக்கு நம் மேல் கடுப்பு உண்டு, அவர் வேலையாகத்தான் இருக்கும். அக்காவும் சதி என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் கணக்கில், சதிகாரன் எழுதியது அந்த ஏழு பேர் கதை. இல்லாத குழுவை இருப்பதாகச் சொல்லி நம்மைப் பொய்யர்களாக்கப் பார்க்கிறான் என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் ஒரே ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், வெவ்வேறு குற்றத்துக்காக. குழாய்க்காரர் இருவருக்கும் தலையாட்டினார்.

நர்ஸ்தான் குறுக்கே வந்தாள். "அண்ணி, முதல்ல போனது நாம அனுப்பினதுதானே? நான்தானே டைப் அடிச்சேன்."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். "நாமன்னா யாரு?"

நர்ஸ் கணவனைப் பார்த்தாள். "அக்கா சொல்லித்தான் அனுப்பறோம்னு சொன்னாரே."

இங்கே சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சபையில் யாரும் தன் குறையைத் தானே எடுத்துப் போகக் கூடாது. சபை தொடங்கின புதிதில், தெருமுனைக்கு ஒரு குழாய் கேட்டு அக்காவே அலுவலகத்துக்குப் போனாள். குழாய்க்கும் உங்கள் வாசலுக்கும் எத்தனை அடி என்று அங்கே இருந்தவர் கேட்டார். அறையே சிரித்தது. மனு அத்தோடு படுத்துவிட்டது. பிறகு அதே குழாயைக் கேட்டு மேட்டுத் தெருவிலிருந்து ஒருத்தி போனாள். அவளிடம் யாருக்கும் கேட்க எதுவும் இல்லை. குழாய் வந்தது. அன்றிலிருந்து மேட்டுத் தெரு விளக்குக்குக் கண்ணாடியக்கா தெரு அலையும், இந்தத் தெருச் சாக்கடைக்கு மேட்டுத் தெரு அலையும். மனுவை எழுதுகிறவர் அதை உரியவரிடம் காட்டவும் மாட்டார். காட்டினால் திருத்தச் சொல்வார்கள். திருத்தினால் அது அவர் மனுவாகிவிடும்.

அறக்கட்டளை விஷயத்திலும் அக்கா இதே வழியில்தான் போனாள். மேட்டுத் தெருவிலும் ஒரு சபை இருக்கிறது. ஸ்கூல் வேன் ஓட்டுகிற டிரைவர் நடத்துவது. அவர்கள் விண்ணப்பத்தை இவள் எழுதினாள், இவர்களுடையதை டிரைவர் எழுதினார். வீட்டில் கேட்டவர்களுக்கு, 'ஏற்பாடு பண்ணியாச்சு' என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்த ஒற்றை வார்த்தை தம்பிக்குப் போதவில்லை. கடைசித் தேதி நெருங்குகிறது, வீட்டில் ஒரு காகிதத்தையும் காணோம். அக்கா மறந்துவிட்டாள், சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று முடிவு கட்டி, தானே எழுதி அனுப்பிவிட்டான்.

"மறந்துட்டேன்னு நினைச்சா கேக்க வேண்டியதுதானேடா."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப? நம்மளைப் பத்தி நாமளே எழுதக் கூடாதும்ப. சாக்கடைக்கு அது சரி அக்கா. பணம் குடுக்கறவன்கிட்ட போய், என்னைப் பத்தி எனக்குத் தெரியாது, பக்கத்துத் தெருவுல விசாரிங்கன்னு சொல்ல முடியுமா?"

குழாய்க்காரருக்கு ஒரு சந்தேகம். அந்த ஏழு பேர் யார் என்று கேட்டார். பணம் வந்ததும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று இருந்ததாகத் தம்பி சொன்னான். எல்லா அமைப்பும் அப்படித்தான் எழுதுகிறது, அந்த விண்ணப்பத்தில் கேட்கிற கேள்விகளே அப்படி, 'அளவிடத்தக்க மாற்றம் என்ன' என்று கேட்டால் மனுஷன் எதை எழுதுவான் என்றான்.

"எதால அளக்கறது? அங்குலமா, அழுத்தமா?" என்று குழாய்க்காரர் கேட்டார்.

அக்கா தன் முடிவைச் சொன்னாள். தம்பி அனுப்பியதைத் திரும்பப் பெற்றுக்கொள்வது. வழக்கப்படி போனது டிரைவர் எழுதியதுதான், அதுவே நிற்கட்டும். ஒரே வீடு என்று அவர் ஏன் எழுதினார் என்பது புரியவில்லை, போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

தம்பி கல்லா மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "முடியாது அக்கா. என்னோடதுல முழுநேர ஆள் நான்னு போட்டிருக்கேன். லாரி ஆபீஸ்ல வேலையை விடறேன்னு நோட்டீஸ் குடுத்துட்டேன்."

அவன் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் எழுந்து நின்றது நர்ஸ்.

"எப்போ?"

"போன மாசம். வருஷமெல்லாம் டயர் கணக்கு எழுதி எழுதி... இது கிடைச்சிடும்னு இருந்தேன். கிடைச்சதும் சொல்லலாம்னு."

அவள் பையைத் தோளில் மாட்டி, செருப்பைத் தேடிப் போட்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்தவள், நிமிர்ந்து திரும்பினாள்.

"அண்ணி, எந்தக் கடிதம் போகணுமோ அது போகட்டும். எனக்காகன்னு எதையும் எழுதாதீங்க. அவருக்காகன்னும் எழுதாதீங்க."

அவள் போன கொஞ்ச நேரத்தில் தம்பியும் போனான். எங்கே என்று கேட்டதற்கு, "தெரியல," என்றான்.

அக்கா மேட்டுத் தெருவுக்கு நடந்தாள். சனிக்கிழமை என்பதால் டிரைவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். சீட்டுகளுக்கு அடியிலிருந்து பென்சில் துண்டுகளும் ஒற்றைச் சாக்ஸும் வாளியில் சேர்ந்திருந்தன. அவளைப் பார்த்ததும் குழாயை நிறுத்திவிட்டு, கடிதம் வந்ததா என்று அவரே கேட்டார்.

அவள் திட்டத்தான் வந்திருந்தாள். ஆனால் அவர் முகத்தில் தப்பு செய்தவனின் களை இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"நான் எழுதினது தப்பா அக்கா? அடுத்தவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படி எழுதணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

தப்பில்லை, ஆனால் இதைப் போய் எழுதுவார்களா என்றாள். பலவீனம் என்ன என்று ஒரு கேள்வி இருந்ததாம். பலம் பற்றி ஒரு பக்கம் எழுதினாராம். குழாய், விளக்கு, ஆஸ்பத்திரி வாசலுக்குச் சாய்வுப் பாதை, எல்லாம். பலவீனத்துக்கு வந்தபோது மனசில் பட்டது இது ஒன்றுதானாம். அதனால், முழுநேரத்துக்கு எடுக்கிற ஆள் அந்த வீட்டுக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறாராம்.

கடைசி வாக்கியம் அவளுக்குப் புதிது. அறக்கட்டளைக் கடிதத்தில் அது இல்லை. டிரைவரின் விண்ணப்பம் நின்றால் தம்பிக்கு இந்தப் பக்கமும் வேலை இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"ஒரே வீட்டுல இருந்தா என்ன கெட்டுப்போச்சு டிரைவர்? நாங்க யார் காசையாவது தொட்டோமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா." அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "உங்க கூட்டத்துக்கு நான் எத்தனை தரம் வந்திருக்கேன். அங்க ஒருத்தராவது உங்களை மறுத்துப் பேசி நான் பார்த்ததில்ல. எங்க கூட்டத்துல என்னைக் கிழிகிழின்னு கிழிக்கறாங்க. முதல்ல எனக்கு அது அசிங்கமா இருந்துச்சு."

அவர் குழாயைத் திறந்து பின் டயரைக் கழுவப் போய்விட்டார்.

திரும்பி நடக்கும்போது அவளுக்கு வேறு ஓர் எண்ணம் வந்தது. பொய்யாக இருப்பதுதானே தம்பியின் விண்ணப்பத்தில் குறை? அதை உண்மையாக்கிவிட்டால்? சாயங்காலத்துக்குள் ஏழு பேரைப் பிடித்துவிட்டால் குழு இருக்கிறது. நாளைக்கே கூட்டம் போட்டுக் கைதூக்கச் சொல்லிவிட்டால் தேர்ந்தெடுத்ததும் ஆயிற்று. நடை தானாக வேகம் பிடித்தது.

முதலில் தையற்காரர். சபைக்கு ஏழு பேர் குழு போடுகிறோம், நீங்கள் ஒருவர் என்றாள். அவர் வாயில் இருந்த ஊசியை எடுக்காமலேயே தலையாட்டினார். குழு என்ன செய்யும் என்று அவர் கேட்பார் என நினைத்துப் பதிலை யோசித்து வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

அடுத்தது டியூஷன் டீச்சர். "நீங்க சொன்னா சரிக்கா," என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளின் வாய்ப்பாட்டை விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

மூன்றாவது, சைக்கிள் கடைக்காரர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவள் என்ன சொன்னாள் என்பதே அவருக்கு விழவில்லை. ஆனாலும் சம்மதம் என்றார். அக்கா சொன்னால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் மனைவியும் உள்ளேயிருந்து ஒத்து ஊதினாள்.

நான்காவது வீட்டுப் படியில், மெடிக்கல் ஷாப்காரர் வீட்டில், அக்கா மணியை அடிக்கவில்லை. விரலை அதன் மேல் வைத்தபடி நின்றாள். மனுஷர் வாதத்துக்குப் பேர் போனவர். மருந்து விலையில் கம்பெனிக்காரனையே மடக்குவார். அவரும் 'நீங்க சொன்னா சரிக்கா' என்றுதான் சொல்வார் என்று அவளுக்கு இப்போதே தெரிந்தது. அவர் மறுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எதற்காக அப்படித் தோன்றுகிறது என்று பிடிபடவில்லை.

மணியை அடிக்காமலே கடைக்குத் திரும்பி, மேஜையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். குழாய்க்காரர் ஏதோ ஒரு வாஷரைத் தேய்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். முதலில் தம்பியின் விண்ணப்பமே எங்களுடையது என்று எழுதினாள். ஏழு பேர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கிழித்தாள். பிறகு, இரண்டும் எங்களுடையதல்ல, மன்னிக்கவும் என்று எழுதினாள். அதையும் கிழித்தாள். அப்படி எழுதினால் நிதி இந்த ஆண்டும் இல்லை, அடுத்த ஆண்டும் இல்லை.

"அவன் வேலைக்கு என்ன வழி?" என்று கணவரைக் கேட்டாள்.

அவருக்கும் தெரியவில்லை. எங்கே கசிகிறது என்று தெரியாமல் சுவரை உடைக்கக் கூடாது என்று தன் தொழிலில் வைத்துச் சொன்னார். உடனே, ஆனால் சில சமயம் உடைத்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். எந்தப் பக்கம் சொல்கிறார் என்று அவள் முறைத்தாள். அதுதான் தனக்கும் புரியவில்லை என்றார்.

மூன்றாவது தாளில் எழுதினாள். அது சின்னக் கடிதம். முதலில் வந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம். அதில் சொன்ன குழு இல்லை. இரண்டாவது விண்ணப்பமே எங்கள் சபையுடையது. அதில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னது அவ்வளவும் உண்மை. முழுநேர ஆள் வெளியிலிருந்து வர வேண்டும் என்பதை ஏற்கிறோம். தலைவர் பொறுப்பையும் வெளியிலிருந்து ஒருவருக்குக் கொடுக்க எண்ணம் உண்டு. எப்படிக் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.

'தெரியவில்லை' என்று ஒரு விண்ணப்பக் கடிதத்தில் எழுதலாமா என்று கணவர் கேட்டார். வேறு எதை எழுதுவது என்று அவள் கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், பொருளாளர் என்ற இடம் காலியாக இருந்தது.

பொருளாளர் தம்பி.

போன் எடுக்கவில்லை. கூரியர் ஆபீஸ் சனிக்கிழமை சீக்கிரம் மூடிவிடும். குழாய்க்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் தம்பியே எதிர்ப் பக்கமிருந்து வந்துவிட்டான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. லாரி ஆபீஸுக்குப் போய் வந்தேன், முதலாளியைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னான். அக்கா கேட்கும் முன்பே பேனாவுக்குக் கையை நீட்டினான்.

அவள் தாளை அவன் பக்கம் திருப்பினாள். அவன் கண் கையெழுத்துக் கோட்டை விட்டு மேலே போகவில்லை. போட்டுவிட்டான்.

"படிக்கலையா?"

"படிச்சா போட மாட்டேன்."

கூரியர் ஆபீஸுக்கு இருவரும் நடந்தே போனார்கள். வழியில் அவனுடைய முதலாளி என்ன சொன்னார் என்று இரண்டு தரம் கேட்டாள். வெயிலைப் பற்றி ஏதோ சொன்னான். கூரியர் கவுண்டரில் இருந்த பெண், ஓர் உறையை எடுத்து, கடிதத்தை மடித்துப் போடச் சொல்லி, ஓரத்தில் பசை தடவி, தம்பியிடம் அழுத்திப் பிடிக்கக் கொடுத்தாள். அவன் இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினான். அவள் எடை போட்டு, சீட்டு ஒட்டி, முத்திரை குத்தினாள்.

அவ்வளவுதான், போய்விட்டது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். மூச்சை விட்டான்.

"அங்க புது ஆள் சேர்ந்தாச்சு அக்கா. முதலாளி நோட்டீஸைத் திரும்பத் தர மாட்டேன்னுட்டார்."

அக்கா அவனைப் பார்த்தாள். "ஏன்டா இவ்வளவு நேரம் சொல்லல?"

"சொன்னா நீ ஒட்ட விட்டிருக்க மாட்ட." கவுண்டரின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "வீட்டுல அவகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

உறை இன்னும் அந்தப் பெண்ணின் கையில்தான் இருந்தது. அக்காவின் கை கவுண்டருக்கு மேல் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. பெண் அதைப் பார்த்துவிட்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பையைக் கட்ட ஒருவர் கயிற்றோடு காத்திருந்தார்.

"திரும்ப வேணுமாம்மா? வண்டி இன்னும் கிளம்பல."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தான். முதல் வரியிலேயே நின்றுவிட்ட படிப்பு அது. நர்ஸ் என்ன சொல்வாள், டிரைவர் என்ன சொல்வார், மெடிக்கல் ஷாப்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை.

கையை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. அனுப்பிடுங்க."

பெண் உறையைப் பைக்குள் போட்டாள். கயிற்றுக்காரர் பையின் வாயைச் சுருக்கி, இறுக்கி முடிந்து, வண்டிக்குத் தூக்கிப் போனார்.